துளசித் தண்ணி வேளை

துளசித் தண்ணி குடித்தால் மனசு அடங்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இப்போது அதைச் சின்னச் சின்னப் பையாகக் கட்டி, அட்டைப்பெட்டியில் அடைத்து, பெட்டியின் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளையின் படத்தையும் அச்சடித்து விற்கிறார்கள். அந்தப் பொம்பளையைப் போல நானும் கண்ணை மூடி உட்கார்ந்து ஒன்றரை வருஷம் குடித்திருக்கிறேன். எனக்கு அமைதி வரவில்லை. ஏப்பம் வந்தது.

நான் வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தெருக்குழாயில் முட்டி மோதித் தண்ணீர் பிடித்துப் பழகிய வாய் என்னுடையது. எழுபதுகளின் நடுவில் பிள்ளைப்பாக்கத்துக்கு மருமகளாக வந்தேன். வீட்டில் மொத்தம் ஐந்து பேர். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, நான். வீட்டுக்காரர் மெட்ராஸ் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். விடியற்காலை முதல் பஸ்ஸில் போவார், ஷிஃப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவார். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. வீட்டில் நடந்த எந்தச் சண்டையிலுமே அவருக்கு வேலை இருந்ததில்லை, அதனால் அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாமனார் போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் குரலைக் கேட்டதும் திருடன் தானாக ஒப்புக்கொள்வான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அவரே கிளப்பிவிட்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம். ரிட்டயர் ஆன பிறகு அந்தக் குரலுக்கு வீட்டையும் வயலையும் விட்டால் வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், வயலில் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதித் திட்டில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பி.பி. பார்த்துவிட்டு இரண்டை விடச் சொன்னார். ஒன்று காபி, இன்னொன்று கோபம்.

காபியை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் வீட்டில் எல்லோருமே விடவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். டீயும் அதோடு சேர்ந்து போயிற்று. காபித்தூள் டப்பாவில் கொத்தமல்லி விதை குடியேறியது. என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ போட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல வீட்டுக்கு வருவார். அவர் சட்டையில் வருகிற டீ வாசனைக்காகவே நான் அவரை வாசலில் போய் வரவேற்றிருக்கிறேன். புருஷன் மேல் எவ்வளவு ஆசை பார் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

கோபத்துக்குத்தான் துளசி வந்தது. பெருமாள் கோயிலில் தீர்த்தத்தோடு கொடுக்கிற துளசி நெஞ்சுக்கு நல்லது, மனசையும் அடக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மாடம் இருந்தது. மாமியார் கைராசிக்குச் செடி புதராக மண்டிக் கிடந்தது. ஒரு கைப்பிடி இலை, நாலு மிளகு, ஒரு துண்டு சுக்கு, எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, ஆறு டம்ளர் தண்ணீர் நாலாகச் சுண்டும் வரை மூடிவைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது பனைவெல்லத்தைத் தட்டிப் போடுவார் மாமியார். சளி பிடித்தவனுக்கு அது அமிர்தம். சளி இல்லாதவனுக்கு அது தண்டனை.

இலை கிள்ளுவது மாமனார் வேலை. அதற்கு அவரிடம் ஸ்டேஷன் சட்டம் மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கிள்ளக்கூடாது. துவாதசியில் கூடாது. விளக்கு வைத்த பிறகு கூடாது. நகம் படக்கூடாது. கிள்ளும் முன்னால் செடியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் தன் வாழ்நாளில் மன்னிப்புக் கேட்ட ஒரே ஜீவன் அந்தச் செடிதான்.

கூடாத நாளுக்கு முந்தின நாளே கிள்ளி ஈரத்துணியில் சுற்றிவைப்பார். வாடிய இலை கொதித்தால் லேசாக வைக்கோல் வாசனை வரும். வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டு அமைதி வைக்கோல் வாசனையோடுதான் இருந்தது. மாதத்தில் மூன்று நாள் எனக்கு மட்டும் விடுதலை. அந்த நாட்களில் பெண்கள் துளசி மாடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. தீட்டு என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்துகொண்டு, மற்ற மூன்று பேரும் மௌனமாக உறிஞ்சுகிற நேரம் பார்த்து நான் வாய்விட்டுப் பாடுவேன்.

மௌனம் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இந்த வைத்தியத்தின் முக்கியமான பாகம். காலையில் ஆறரைக்கு ஒரு தரம், சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் ஒரு தரம், பின்பக்கத் தாழ்வாரத்தில் மாடத்தைப் பார்த்து வரிசையாக உட்காரவேண்டும். டம்ளர் கைக்கு வந்த பிறகு யாரும் பேசக்கூடாது. வாய் அடங்கினால்தான் மனசு அடங்குமாம். குடித்து முடித்ததும் மாமனார் “சரி” என்பார். அதற்குப் பிறகு எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். இதில் இருந்த சூட்சுமம் எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று.

டம்ளர் எல்லோர் கைக்கும் வந்தவுடன், தன் முதல் மடக்குக்கு முன்னால், மாமனார் ஏதாவது ஒரு விஷயத்தைச் சொல்வார். சொல்லிவிட்டுக் குடிக்க ஆரம்பித்துவிடுவார். மேலண்டை வயலில் இந்தப் பட்டம் வேர்க்கடலை என்பார். பசுவை விற்கப்போகிறேன் என்பார். அதற்கப்புறம் கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கால் மணி கழித்து “சரி” என்றால் துளசி வேளையும் முடிந்தது, விஷயமும் முடிந்தது.

என் கதையில் அது தையல் மெஷினாக வந்தது. நான் சீராகக் கொண்டுவந்த மெஷின். கூடத்தில் ஜன்னல் ஓரம் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை டம்ளரைக் கையில் வாங்கியதும், அந்த மெஷின் சத்தம் தலைக்குள் போகிறது, அதை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் குடிக்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளங்காலில் இருந்து சூடு ஏறியது. “சரி” வந்ததும் எழுந்தேன். வண்ணாரப்பேட்டைக் குழாயடியை அப்படியே பிள்ளைப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அவர் அசையவில்லை. அதான் பேசி முடிச்சாச்சே என்றார். யார் பேசினது என்று கேட்டேன்.

“நான் சொன்னேன். நீங்கல்லாம் கேட்டுக்கினு இருந்தீங்க. ஒருத்தராவது வேணாம்னு சொன்னீங்களா?” என்றார்.

அதோடு விட்டாரா? நான் கத்தியதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். இந்தப் பெண்ணுக்கு இன்னும் மனசு அடங்கவில்லை, ஒரு டம்ளர் போதாது என்று மாமியாரிடம் சொல்லி, மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் மோர் குடிக்கிற பெரிய டம்ளரில் ஊற்ற வைத்தார். நான் எவ்வளவு சத்தம் போடுகிறேனோ அவ்வளவு துளசித் தண்ணி. மாட்டுக் கொட்டகையில் நான் மெஷினை மிதிக்க, பக்கத்தில் எருமை அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்க்கும். அந்த வீட்டில் என்னை முழுசாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

குடிக்கப் பிடிக்காமல் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்போதெல்லாம் டம்ளரோடு எழுந்துபோய் மாடத்தைச் சுற்றிக்கொண்டே குடிக்கலாம், அதற்குத் தடை இல்லை. நான் பக்தியாகச் சுற்றுவேன். மாடத்துக்குப் பின்பக்கம் போனதும் டம்ளரைச் செடியின் தலையில் கவிழ்த்துவிடுவேன். துளசிக்குத் துளசித் தண்ணி ஊற்றினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அது சூடான தண்ணி என்பதும், அதில் பனைவெல்லம் இருக்கிறது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. பத்து நாளில் செடியின் ஒரு பக்கம் கருகித் தலையைத் தொங்கப்போட்டது. மாமனாருக்குச் சகுனம் சரியில்லை என்று கவலை. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். வீட்டுக்கு யார் கண் பட்டது என்று ஊரில் ஒவ்வொருவராக யோசித்தார். நானும் கூட உட்கார்ந்து இரண்டு பேரைச் சொன்னேன்.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது எறும்பு. மாடத்தின் பின்பக்கம் கட்டெறும்பு சாரிசாரியாக ஏறியது. துளசிக்கு எறும்பு எதற்கு வருகிறது என்று ஏட்டையாவின் பழைய மூளை விழித்துக்கொண்டது. குனிந்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு டம்ளரும் அவர் கண் முன்னால் காலியாகிக் கீழே வரவேண்டும். கடைசி டம்ளர் காலியாகும் வரை “சரி” கிடையாது, பேச்சும் கிடையாது, அவருக்கும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் மாமியார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ அந்தக் காலத்துல வரல. சோத்துத் தட்டு செவுத்துல அடிக்கும். இப்ப காலைல கால் மணி, சாயந்திரம் கால் மணி, இந்த வூட்டுல யாரும் கத்தறதில்ல. எனக்கு அதுவே போதும்” என்றார்.

நான் கேலி பேசுகிற அந்தக் கால் மணி நேரத்தை இந்தப் பொம்பளை நாளெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள் என்பது அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. அன்று சாயங்காலம் பெரிய டம்ளரை முனகாமல் குடித்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். துளசியோ, உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கமோ, ஒரு வருஷம் போனபோது என் குரலும் இறங்கிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது குழாயடியில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அம்மா ஓடிவந்து காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாத்தனாரைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசவில்லை. யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை, அதுதான் காரணம். பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். வாயில்லாப் பூச்சி. மெஷின் கொட்டகைக்குப் போன பிறகு, ரவிக்கைக்கு ஹூக் வைத்துத் தருகிறேன் என்று என் பக்கத்தில் வந்து உட்காருவாள். அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள், நர்ஸ் படிப்புக்குப் போக ஆசை என்றாள். எங்கிருந்து இந்த ஆசை வந்தது என்று கேட்டேன். மாமனாருக்குத் தலை சுற்றிக் காஞ்சிபுரம் போனபோது இவளும் கூடப் போயிருந்தாளாம். அங்கே வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்ஸ் அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, பேசாதீங்க என்றாளாம்.

“நைனாவ ஒருத்தர் வாய மூடுன்னு சொல்லி, அவரு மூடிக்கினத அன்னிக்குத்தான் அண்ணி பாத்தேன்” என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. என் தம்பியிடம் சொல்லி ஃபாரம் வாங்கினேன். கொட்டகையில் வைத்து இரண்டு பேருமாக நிரப்பினோம். எருமை எட்டிப் பார்த்தது. ஆனி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, செங்கல்பட்டுக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. ஆடி இரண்டாம் தேதி, புதன்கிழமை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி நான்தான் வாங்கினேன். அவள் அதை நாலு தடவை படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நைனாகிட்ட யார் சொல்றது அண்ணி என்று கேட்டாள்.

“நான் பேசறேன். என் வாய் வேற எதுக்கு இருக்குது?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாமனார் வீட்டில் இல்லை. சாயங்காலம்தான் வந்தார், கையில் வெற்றிலைக்கட்டும் தேங்காயும் மஞ்சள் கிழங்கும். என்ன விசேஷம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. காலையில் முதல் வேலையாகப் பேசிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் வெள்ளை வேட்டி சட்டையோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். மாமியார் டம்ளர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் டம்ளர் என் கைக்கு வந்த அதே நொடியில் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“ஏழே கால் வண்டியில சிங்கப்பெருமாள் கோயில் போறேன். பையன் ரயில்வேயில கீறான், நல்ல குடும்பம். தாம்பூலம் மாத்திக்கினு வந்துடறேன். நாளைக்கு ஆடி பொறந்துடுது, அதுக்குள்ள வார்த்தை குடுக்கணும்னு கேக்கறாங்க. ஆவணியில கல்யாணம்” என்றார். டம்ளரைத் தூக்கி முதல் மடக்கைக் குடித்தார்.

ஏழரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்பதையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். அந்த ரயில்வே பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்லவனாகவே இருந்திருப்பான். கட்டிக்கப்போகிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நான் வாயைத் திறந்தேன். தொண்டை வறண்டிருந்தது. நனைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மடக்கு குடித்தேன். இப்போது கத்தினால் மனசு அடங்காதவள் கத்துகிறாள் என்று சொல்லி முடித்துவிடுவார், “சரி” வரட்டும், நிதானமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு மடக்கு குடித்தேன். எப்படித் தொடங்குவது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே குடித்தேன். எனக்குப் பயம் என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு “சரி” சொல்வதற்காக எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நாத்தனாரிடம் வந்து அவர் பார்வை நின்றது. அவள் டம்ளரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைய இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

முதலில் அவர் காத்திருந்தார், சூடாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கூடத்தில் கடிகாரம் ஏழு அடித்தது. தொண்டையைக் கனைத்தார். அவள் திரும்பவில்லை. கையால் குடி குடி என்று சைகை காட்டினார். டிராஃபிக்கில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி இருந்ததால் எனக்குச் சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். கூடத்துப் பக்கம் விரலை நீட்டி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அவள் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு மறுபடியும் செடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. எங்கள் எல்லோரையும்விட அமைதியாக இருந்தது அவள்தான்.

அவர் எழுந்து போயிருக்கலாம். அவரை யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் கடைசி டம்ளர் காலியாகும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அந்த ஒரு விஷயத்துக்காக அந்த மனுஷனை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ரோட்டில் ஏழே கால் வண்டி ஹாரன் அடித்தது. நின்றது. யாரையோ ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கம் போய்விட்டது. அந்தச் சத்தம் தேயும் வரை அவர் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. இந்த ஆள் இங்கேயே விழப்போகிறார், பழி என் தலையில் விழப்போகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. மாமியார் எப்போதும் போல முந்தானையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கடிகாரம் ஏழரைக்கு ஒரு அடி அடித்தது. ராகு காலம் பிறந்துவிட்டது. வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு இனி எங்கும் போவதற்கில்லை. அவர் வாயைத் திறந்தார். தட்டு பறக்கிற காலத்துக் குரல் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வந்த குரல் பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி இருந்தது.

“உனக்கு இன்னாதாம்மா வேணும்?” என்று கேட்டார்.

துளசி வேளையில், குடிக்க ஆரம்பித்த பிறகு, அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் யாரையாவது அவர் அப்படிக் கேட்டதும் எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இதான் நைனா. இப்ப கேட்டியே, இதான்” என்றாள். பிறகு, கார்டு வந்திருப்பதையும், புதன்கிழமை செங்கல்பட்டுக்குப் போகவேண்டும் என்பதையும், இரண்டு வாக்கியத்தில், கணக்கு டீச்சரிடம் விடை சொல்கிற மாதிரி சொல்லி முடித்தாள். நான் ஒன்றரை நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமனார் கார்டு எங்கே என்று கேட்டு, நான் கொண்டுவந்து கொடுத்ததும் தூரமாகப் பிடித்துப் படித்தார். மடித்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாதவராக மாமியார் பக்கம் திரும்பினார். நீ இன்னா சொல்றே என்று கேட்க வந்தாரோ என்னவோ, கேட்கவில்லை. மாமியாரின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முந்தானை விலகிய இடத்தில் மாமியாரின் டம்ளர் தெரிந்தது. அதிலும் விளிம்பு வரை துளசித் தண்ணி இருந்தது. வெல்லம் அடியில் தங்கி, மேலே ஆடை போல ஒரு படலம் கட்டியிருந்தது.

“பொதங்கிழம நான் கூட்டினு போறேன்” என்றார் மாமியார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி” வரும் வரை அவர் காத்திருக்கவில்லை.

சொன்னபடி புதன்கிழமை இரண்டு பேரும் போனார்கள். அவளுக்கு இடம் கிடைத்தது, படித்தாள், வேலைக்கும் போனாள், பின்னால் மாமனாருக்கே ஊசி போட்டாள். ஊரில் இன்றும் யாராவது அந்தக் கதையை எடுத்தால், அண்ணிக்காரி துணிச்சல்காரி, அவள் பின்னால் நின்று சாதித்தாள் என்று எனக்குப் பெருமை சேர்ப்பார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

மாமியார் எழுந்து போன பிறகு நான்தான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவினேன். அன்று காலை அந்த வீட்டில் துளசித் தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருந்தது இரண்டே பேர். ஒருவர் மாமனார். இன்னொருத்தி நான்.